வால்ட்டர் ஓவன் பென்ட்லி

கடைத்தெருவில் புதிதாக வைக்கப்பெற்ற பொருள்கள் யாவும் ஒன்றுபோலவே பளபளக்கின்றன. அவற்றுள் நன்றாகச் செய்யப்பட்டது எது, ஒப்புக்குச் செய்யப்பட்டது எது என்பதை அப்பொழுது எளிதில் அறிய இயலாது. ஆண்டுகள் பல சென்ற பின்னரே உண்மை புலனாகும். வண்ணம் மங்கும், ஆணிகள் தளரும், மூட்டுகள் விட்டுப்போகும். அக்காலத்தும் உறுதி குலையாமல் நிற்கும் பொருளே நல்ல தொழிலாளியின் பெயரைச் சொல்லும்.

விரைந்து ஓடுவதற்கென்றே செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இத்தேர்வு மிகக் கடுமையானது. அவை மற்றைய கார்களைவிட மிகுதியாகச் சூடேறுகின்றன, மிகுதியாக அதிர்கின்றன, மிகுதியாகத் தேய்கின்றன. ஆயினும், இங்கிலாந்து நாட்டில் 1921ஆம் ஆண்டு முதல் 1931ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட ஒருவகை ஸ்போர்ட்ஸ் கார்களுள் பல, நூறாண்டுகள் நெருங்கிய பின்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றைச் செய்தவர் வால்ட்டர் ஓவன் பென்ட்லி என்பார். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

பென்ட்லி 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த ஒன்பது மக்களுள் அவரே கடைக்குட்டி. இளமையில் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தவை புகைவண்டி எஞ்சின்களே. பள்ளிப் படிப்பை விட்டதும், பதினாறாம் வயதில், டான்காஸ்ட்டர் நகரத்தில் இருந்த பெரிய வடபுல இரயில்வேயின் தொழிற்சாலையில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே ஐந்தாண்டுகள் அவர் பயின்றார். உலோகத்தை உருக்கி வார்ப்பது, கடைவது, பொருத்துவது ஆகிய தொழில்களை ஒவ்வொன்றாகக் கற்றார். கையிலும் முகத்திலும் எண்ணெயும் கரியும் படிய உழைத்தார். பயிற்சியின் இறுதியில் விரைவு வண்டிகளின் எஞ்சின்களில் ஏறி, நெருப்பறையில் நிலக்கரி அள்ளிப்போடும் வேலையையும் செய்தார்.

இந்தப் பயிற்சி அவருக்கு ஓர் அரிய உண்மையைக் கற்பித்தது. புகைவண்டி எஞ்சின் ஒருநாள் ஓடி ஓய்வதன்று. மழையிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டுவது. ஆகவே, அதன் ஒவ்வோர் உறுப்பும் தேவைக்குச் சற்று மிகுதியான வலிமையுடன் அமைதல் வேண்டும். பழுதுற்றால் பிரித்துச் செப்பனிடவும் கூடியதாய் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பென்ட்லி வாழ்நாள் முழுவதும் மறந்திலர்.

அலுமினியப் பிஸ்டன்

இரயில்வேத் தொழிலில் வருவாய் குறைவு என்று கண்ட பென்ட்லி, 1910ஆம் ஆண்டில் அதனின்றும் விலகினார். அதற்குள் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் அவருடைய மனம் சென்றிருந்தது. 1912ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தமையனார் ஒருவரும் சேர்ந்து, டி.எப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை இலண்டனில் விற்கும் உரிமையைப் பெற்றனர்.

அடுத்த ஆண்டில் அவர் பாரிசு நகரத்தை அடுத்துள்ள அக்கார்த் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார். அங்கே ஒரு மேசைமீது, காகிதங்கள் பறவாமல் இருக்க, அலுமினியத்தால் ஆன சிறிய பிஸ்டன் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. எஞ்சினின் உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் உறுப்பே பிஸ்டன் ஆகும். அக்காலத்தில் அதனை இரும்பினால் செய்வதே பெருவழக்கு. அலுமினியம் சூட்டில் உருகிவிடும் என்று பலர் அஞ்சினர். பென்ட்லியோ வேறு விதமாக எண்ணினார். அலுமினியம் எடை குறைந்தது. சூட்டை விரைவில் கடத்திவிடுவது. ஆகவே அதனோடு சிறிது செம்பைக் கலந்தால் உறுதியும் கிடைக்கும் என்று கருதினார். நூற்றுக்கு 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்த பிஸ்டன்களைச் செய்வித்துத் தம் காரில் பொருத்தினார். கார் முன்னைவிட விரைந்து ஓடிற்று, பிஸ்டன்களும் தாங்கின. பிறர் காகிதம் தாங்கும் பொருளாகக் கண்டதை, எஞ்சின் தாங்கும் பொருளாக அவர் கண்டார்.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பென்ட்லி கடற்படையின் வானூர்திப் பிரிவில் சேர்ந்தார். தம் அலுமினியப் பிஸ்டன் பற்றிய செய்தியை வானூர்தி எஞ்சின் செய்வோருக்கு எடுத்துரைத்தார். நடுவானில் எஞ்சின் நின்றால் வானோட்டியின் உயிர் போகும். ஆதலின் நம்பத்தக்க எஞ்சின் ஒன்று வேண்டுமென்று எண்ணி, பி.ஆர்.1 என்னும் சுழல் எஞ்சினை வகுத்தார். சாப்வித் கேமல் என்னும் போர் வானூர்திகள் பல அதனால் இயங்கின. உறுதி என்பது உயிரைக் காக்கும் பொருள் என்பதை அவர் இங்கே கண்டார்.

கார்த் தொழில்

போர் முடிந்ததும், 1919ஆம் ஆண்டில், பென்ட்லி தம் பெயரால் ஒரு கார் நிறுவனம் தொடங்கினார். பர்ஜெஸ், வார்லி என்னும் பொறியாளர் இருவர் அவருக்குத் துணை நின்றனர். பணமோ மிகக் குறைவு. இருப்பினும் அவ்வாண்டிலேயே முதல் எஞ்சின் உருவாயிற்று. இரண்டாண்டுகள் ஓட்டியும் திருத்தியும் பார்த்த பிறகே, 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், முதல் காரை வாங்குவோரிடம் ஒப்படைத்தார்.

அதுவே மூன்று லிட்டர் கார் ஆகும். அதன் அமைப்பு நாம் கருதத்தக்கது. பொதுவாக எஞ்சினின் உருளைகளும் அவற்றின்மேல் மூடியாகிய தலைப்பகுதியும் தனித்தனியே செய்யப்பட்டு, இடையே ஒரு மெல்லிய தகடு வைத்து இறுக்கப்படும். கடுஞ்சூட்டில் அத்தகடு கிழிந்து, எஞ்சின் பழுதாவதுண்டு. பென்ட்லி இரண்டு பகுதிகளையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். இடைத்தகடு இல்லாமையால் அது கிழியும் பேச்சும் இல்லை. வால்வுகளைச் செப்பனிடுவது இதனால் கடினமாயிற்று என்பது உண்மையே. எனினும் உறுதிக்காக அவர் அதனை ஏற்றுக்கொண்டார். ஒவ்வோர் உருளைக்கும் தீப்பொறி தரும் பிளக்குகள் இரண்டிரண்டு வைத்தார். ஒன்று தவறினும் மற்றொன்று உதவும்.

பின்னர் வந்த ஆறரை லிட்டர் காரில் வேறொரு புதுமையைக் காண்கிறோம். வால்வுகளை இயக்கும் தண்டைச் சுழற்ற, மூன்று இணைப்புக் கோல்களை அவர் அமைத்தார். புகைவண்டி எஞ்சினின் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கோல்களை அவை நினைவூட்டும். டான்காஸ்ட்டரில் கற்ற பாடம் காரிலும் கைகொடுத்தது.

தம் கார்களுக்கு அவர் ஐந்தாண்டு உறுதிமொழி அளித்தார். தம் வேலையில் நம்பிக்கை உடையவரே இத்தகைய வாக்கைத் துணிந்து தர இயலும்.

லெமான் பந்தயம்

1923ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெமான் நகரில் ஒரு புதுவகைப் பந்தயம் தொடங்கிற்று. அதில் கார்கள் பகலும் இரவும் இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது ஓட வேண்டும். எந்தக் காரும் இதனைத் தாங்காது என்று பென்ட்லி முதலில் எண்ணினார். ஆயினும் டப் என்னும் வீரர் தம் பென்ட்லி காருடன் புறப்பட்டபொழுது, தாமும் அங்குச் சென்றார். பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக்கு உடைய அக்கார், கல் பட்டுப் பெட்ரோல் தொட்டி ஓட்டையாகியும், நான்காம் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. குறையைக் கண்ட பென்ட்லி, அடுத்த ஆண்டில் முன்சக்கரங்களுக்கும் பிரேக்கு அமைத்தார். 1924ஆம் ஆண்டில் அதே வீரர் வெற்றி பெற்றார். அதன்பின் இரண்டாண்டுகள் தோல்வியே கிட்டியது.

1927ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நடந்ததே என்றும் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி. அன்று பென்ட்லி கார்கள் மூன்று ஓடின. அந்தி மயங்கும் வேளை. ஒயிட் ஹவுஸ் என்னும் வளைவில் பிரெஞ்சுக் கார் ஒன்று தடுமாறி நின்றது. அதன்மீது மோதாமல் இருக்க முயன்ற முதல் பென்ட்லி பள்ளத்தில் பாய்ந்து கவிழ்ந்தது. இரண்டாவது அதன்மேல் மோதிற்று. மூன்றாவதாக வந்த டேவிஸ் என்பார், சாலையில் மண்ணும் மரச்சிம்புகளும் சிதறிக் கிடப்பதைக் கண்டு வேகத்தைக் குறைத்தார். ஆயினும் அவருடைய காரும் பக்கவாட்டில் சறுக்கிச் சென்று மோதியது. நற்பேறாக உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

டேவிஸ் தம் காரை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பந்தயக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். முன்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. சட்டமும் முன்னச்சும் வளைந்திருந்தன. பந்தய விதிப்படி ஓட்டுபவரே பழுது பார்த்தல் வேண்டும். பென்ட்லி அருகில் நின்று கண்ணால் பார்க்கலாமேயன்றிக் கைதொட இயலாது. டேவிஸ் கயிற்றாலும் கம்பியாலும் கட்ட வேண்டியவற்றைக் கட்டினார். மழையிலும் இருளிலும் அக்கார் மீண்டும் புறப்பட்டது. அவரும், மருத்துவராகிய பெஞ்சபீல்டு என்பாரும் மாறிமாறி ஓட்டினர். மறுநாள் பிற்பகலில் முன்னணியில் ஓடிய ஆரியஸ் என்னும் பிரெஞ்சுக் கார் பழுதுற்று நின்றது. ஊனமுற்ற பென்ட்லியே வென்றது! பின்னர் இலண்டன் சவாய் ஓட்டலில் நடந்த விருந்துக்கு அந்தக் கார் தன் காயங்களுடனேயே கொண்டுவரப்பட்டது.

1928, 1929, 1930 ஆகிய ஆண்டுகளிலும் பென்ட்லி கார்களே வென்றன. 1929ஆம் ஆண்டில் முதல் நான்கு இடங்களும் அவற்றுக்கே கிடைத்தன. அவ்வாண்டு முதலாவதாக வந்த காரே 1930ஆம் ஆண்டிலும் முதலாவதாக வந்தது என்பது அதன் உறுதிக்குச் சான்றாகும்.

கொள்கையில் உறுதி

அக்காலத்தில் பர்க்கின் என்னும் பந்தய வீரர், பென்ட்லி எஞ்சினுக்குள் காற்றை வலிந்து செலுத்தும் கருவி ஒன்றைப் பொருத்தினால் வேகம் கூடும் என்றார். பென்ட்லி இதற்கு உடன்படவில்லை. வலிமை மிகுதியாக வேண்டுமாயின் எஞ்சினைப் பெரிதாக்குக. சிறிய எஞ்சினை வருத்தி வேலை வாங்குதல் அதன் ஆயுளைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. நிறுவனத் தலைவரின் இசைவால் பர்க்கினின் விருப்பமே நிறைவேறிற்று. ஊதுகருவி பொருத்திய அக்கார்கள் மிகுந்த வேகத்துடன் ஓடின. ஆனால் லெமானில் ஒருமுறையும் வென்றில.

வீழ்ச்சி

பந்தயத்தில் பல வெற்றிகளைக் கண்ட நிறுவனம் பணத்திடம் தோற்றது. செலவைக் குறைத்து எளிய பொருளால் கார் செய்யப் பென்ட்லியின் மனம் ஒப்பவில்லை. தொடக்கம் முதலே மூலதனம் போதாமல் இருந்தது. 1926ஆம் ஆண்டில் செல்வரும் பந்தய வீரருமாகிய பார்னாட்டோ பொருளுதவி செய்து நிறுவனத்தைக் காத்தார். 1930ஆம் ஆண்டில் பென்ட்லி தம் தொழில் திறன் முழுவதையும் காட்டி எட்டு லிட்டர் காரை வெளியிட்டார். ஆனால் 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார மந்தம் அப்பொழுது உலகெங்கும் பரவியிருந்தது. விலையுயர்ந்த கார்களை வாங்குவார் குறைந்தனர். அவ்வகையில் நூறு கார்களே செய்யப்பட்டன.

1931ஆம் ஆண்டில் நிறுவனம் கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தது. நேப்பியர் நிறுவனம் வாங்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். பெயர் மறைத்து மிகுதியான விலை கேட்ட வேறொருவருக்கே அது போயிற்று. போட்டி நிறுவனமாகிய ரோல்ஸ் ராய்ஸே அவர் என்பது பின்னரே தெரிந்தது. பென்ட்லி தம் நிறுவனத்தை இழந்தார். தம் பெயரைக் கார்களுக்குச் சூட்டும் உரிமையையும் இழந்தார். தாம் ஓட்டிவந்த எட்டு லிட்டர் காரும் அவர் கையைவிட்டுப் போயிற்று.

அவர் மனம் தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. சில ஆண்டுகள் ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய பின், 1935ஆம் ஆண்டில் லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்து, பன்னிரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினை உருவாக்கினார். அவ்வெஞ்சின் பூண்ட கார்கள் 1939ஆம் ஆண்டு லெமானில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. அவர் 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் இயற்கை எய்தினார்.

நிலைத்த புகழ்

பழைய பென்ட்லி கார்களை வைத்திருப்போர் 1936ஆம் ஆண்டிலேயே ஒரு கழகம் அமைத்தனர். அக்கார்களை அவர்கள் காட்சிப் பொருளாகப் பூட்டி வைத்தாரல்லர், நெடுந்தொலைவு ஓட்டினர், பந்தயத்திலும் விட்டனர். தேய்ந்த உறுப்பை எடுத்துப் புதியதைப் பொருத்த இடம் தருமாறு அவை அமைந்திருந்தமையே இதற்குக் காரணம். உலோகம் தேயாமல் இராது. தேய்ந்த பின்னும் மீண்டும் செப்பனிடத் தகுந்ததே நல்ல இயந்திரம். எட்டு லிட்டர் கார்கள் நூற்றுள் பெரும்பாலானவை அழியாமல் எஞ்சியுள்ளன. 1931ஆம் ஆண்டில் பென்ட்லி இழந்த அவருடைய சொந்தக் காரை, அவர் பெயர் தாங்கிய நிறுவனமே 2006ஆம் ஆண்டில் விலைகொடுத்து வாங்கிற்று. அக்கார் அப்பொழுதும் ஓடக்கூடியதாகவே இருந்தது.

நன்றாகச் செய்பவருக்குச் செல்வம் உடனே வந்து சேரும் என்று பென்ட்லியின் வாழ்க்கை நமக்குக் கூறவில்லை. அவருடைய நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகளே நிலைத்தது. அவருடைய கார்களோ அவருக்குப் பின்னும் நிலைத்தன. கண்ணுக்குப் புலப்படாத உள்ளுறுப்பையும் பழுதின்றிச் செய்தல் வேண்டும் என்னும் அவருடைய நேர்மையே அவற்றுக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. நாம் எத்தொழிலைச் செய்யினும், பிறர் காணாத பகுதியையும் திருந்தச் செய்வோமாக.