பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? கெட்டரிங்கைத் தெரிஞ்சுக்கோங்க

பழைய அம்பாசடரோ பத்மினியோ மக்கர் பண்ணினால், பிளக்கில் கரண்ட் வருதா என்றுதான் மெக்கானிக் முதலில் பார்ப்பார். அந்த கரண்ட் வரும் பாதையை வடிவமைத்தவர் சார்லஸ் கெட்டரிங்.

யார் இவர்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 1876-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. டெலிபோன் லைன் போடும் வேலைக்குப் போனார். மறுபடியும் படித்து 1904-ல் மின் பொறியியல் பட்டம் வாங்கினார். கல்லாப்பெட்டி இயந்திரம் தயாரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்து, அதற்கு மின் மோட்டார் பொருத்தினார்.

என்ன செய்தார்?

அப்போதைய கார்களில் காயில் படபடவென்று தொடர்ந்து பொறி விடும். பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். வேலை முடிந்த பிறகு நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, தேவையான நொடியில் ஒரே ஒரு பொறி தரும் அமைப்பை உருவாக்கினார். 1910 மாடல் காடிலாக்கில் அது வந்தது. அடுத்தது ஸ்டார்ட்டர். கைப்பிடியைச் சுற்றும்போது இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை எலும்பே முறியும். 1912 மாடல் காடிலாக்கில் அந்த வேலையை மோட்டார் ஏற்றது.

இன்றைக்கு எப்படி உதவுது?

பாயின்ட் வைத்த பழைய வண்டிகளில் இருப்பது கெட்டரிங் இக்னிஷன்தான். பேட்டரி, காயில், பாயின்ட், பிளக் என்று வரிசையாக இருப்பதால் பழுதையும் வரிசையாகத் தேடலாம். பேட்டரி முனையில் பூத்திருக்கா? காயிலுக்கு கரண்ட் போகுதா? பாயின்ட் கருகியிருந்தால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்க்கணும். தேய்த்த பாயின்ட் மறுபடியும் சீக்கிரமே கருகினால் கண்டன்சரைச் சந்தேகப்படணும். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால், அடுத்து பெட்ரோல் பக்கம் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம்

ஜெனரல் மோட்டார்ஸில் இவர் தலைமையில் நடந்த ஆய்வில்தான், 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை வந்தது. இன்ஜினில் நாக்கிங் நின்றது. காற்றில் நஞ்சு ஏறியது. இந்தியாவில் அது நிற்க 2000 ஆம் ஆண்டு ஆனது.

1958-ல் கெட்டரிங் காலமானார். கையை உடைத்த கைப்பிடியை ஒழித்தவரும் அவர்தான், மூச்சில் ஈயம் கலந்த ஆய்வை நடத்தியவரும் அவர்தான்.