வெளியே சிரிப்பு... சட்டைக்குள் கச்சை! கென்னடியின் முதுகும் நிறுத்தவே முடியாத மாத்திரையும்

ஜான் எஃப் கென்னடின்னதும் என்ன ஞாபகம் வரும்? கலையாத முடி, பளிச் சிரிப்பு, பாய்மரப் படகு, குழந்தைகளோட விளையாட்டு. 43 வயசுல தேர்தல்ல ஜெயிச்ச அமெரிக்க ஜனாதிபதி. அதைவிடச் சின்ன வயசுல அங்கே யாரும் தேர்தல்ல ஜெயிச்சு அந்தப் பதவிக்கு வந்ததில்லை.

ஆனால், அந்தச் சட்டைக்குள் இறுக்கிக் கட்டிய இடுப்புக் கச்சை இருந்தது. கேமராக்கள் நகர்ந்ததும் கக்கத்துக்கு ஊன்றுகோல் வந்துவிடும். குனிந்து தன் காலுக்குத் தானே சாக்ஸ் மாட்ட முடியாத காலைகள் உண்டு. இதோடு, ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை.

அமெரிக்க ஜனாதிபதி கதை எங்க ஏரலுக்கு எதுக்குன்னு கேக்கீங்களா? காரணம் இருக்கு. தசை அழற்சி நோய்க்காக ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க. ஏரல்ல பஸ் ஏறி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ, தூத்துக்குடி மெடிக்கல் காலேஜுக்கோ போய் வர்றாங்க. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிற நேரத்துல, காரணமே தெரியாம முதுகு வலிக்கும். வாய்வுப் பிடிப்பாத்தான் இருக்கும்னு வீட்ல சொல்லுவாங்க. கென்னடிக்கு இருந்தது தசை நோய் இல்லை, வேற நோய். ஆனா, மருந்து அதே குடும்பம். வலியும் அதே முதுகுதான்.

கப்பலுக்கு முன்பே வந்த வலி

1917 மே 29-ம் தேதி பாஸ்டன் பக்கத்துல புரூக்லைனில் பிறந்தார் கென்னடி. பணத்துக்குக் குறைவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல். பள்ளிக் காலத்தில் தீராத வயிற்றுக் கோளாறு. கல்லூரியில் முதுகும் சேர்ந்துகொண்டது. 1941-ல் ராணுவத்தில் சேரப் போனபோது, உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் செல்வாக்கில் கடற்படையில் இடம் கிடைத்தது.

1943 ஆகஸ்ட் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். சாலமன் தீவுகள் அருகே அவர் தலைமையேற்றிருந்த பி.டி.109 படகை ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. 13 பேரில் இருவர் இறந்துபோனார்கள். தீக்காயம்பட்ட ஒரு வீரரின் மிதவை உடுப்பு வாரைப் பல்லில் கடித்தபடி, சுமார் நான்கு மணி நேரம் நீந்தி அவரைக் கரை சேர்த்தார் கென்னடி. ஊருக்கு அவர் ஹீரோ. முதுகுக்கு அது இன்னொரு அடி.

1944-ல் பாஸ்டனில் முதல் ஆபரேஷன். ஜவ்வு விலகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தார்கள். எதிர்பார்த்தது அங்கே பெரிதாக இல்லை. வலியும் போகவில்லை.

லண்டனில் தெரிந்த உண்மை

1947-ல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். வயது 30. இங்கிலாந்து போன இடத்தில் சுருண்டு விழுந்தார். லண்டன் மருத்துவர் கண்டுபிடித்தது அடிசன் நோய். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வேலை செய்யாமல் போகும் நோய் இது. காய்ச்சல், காயம், பட்டினி என்று எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. இவர் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார் என்று அந்த மருத்துவர் கென்னடியின் தோழியிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கப்பலில் ஊர் திரும்பியபோது, பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு பிரார்த்தனையே செய்துவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது காலம்தான். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக கார்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் பரிசு. கென்னடிக்கு முதலில் தொடைத் தோலுக்கு அடியில் ஹார்மோன் வில்லைகளைப் பதித்தார்கள். பிறகு கார்டிசோன் மாத்திரை. சாவு தள்ளிப்போனது. 1952-ல் செனட்டர், 1953-ல் ஜாக்குலினுடன் திருமணம்.

பெயர் போடாத 37 வயது நோயாளி

முதுகு மட்டும் விடவில்லை. 1954-ல் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. அடிசன் நோயாளிக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் உயிருக்கே ஆபத்து என்று பாஸ்டன் மருத்துவர்கள் தயங்கினார்கள். வலியோடு கிடப்பதைவிட அந்த ஆபத்து மேல் என்று முடிவெடுத்தார் கென்னடி. அக்டோபர் 21-ம் தேதி நியூயார்க்கில் முதுகுத்தண்டில் உலோகத் தகடு வைத்தார்கள். சில நாள்களில் கிருமித் தொற்று, மயக்கம், மறுபடியும் பாதிரியார்.

பிழைத்தார். ஆனால் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் மறுபடி திறந்து அந்தத் தகட்டை எடுத்தார்கள். படுக்கையில் கிடந்த மாதங்களில் உருவான புத்தகம்தான் 1957-ல் புலிட்சர் பரிசு வாங்கிய 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்'.

1955 நவம்பரில் ஒரு அறுவை சிகிச்சை இதழில், அடிசன் நோயோடு ஆபரேஷனைத் தாண்டி வந்த 37 வயது ஆணைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பெயர் இல்லை. அது கென்னடிதான் என்று வெளியுலகுக்குத் தெரிந்தது 1967-ல். அவர் இறந்து நான்கு வருடம் கழித்து. 1960 தேர்தலில் இந்த நோய்ப் பேச்சு கிளம்பியபோது, அவர் தரப்பு அழகாக மழுப்பிவிட்டது.

மாத்திரை எலும்பை அரிக்குமா?

2002-ல் ராபர்ட் டாலெக் என்ற வரலாற்று ஆசிரியர், ஜெஃப்ரி கெல்மன் என்ற மருத்துவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பூட்டி வைத்திருந்த மருத்துவக் கோப்புகளைப் படித்தார். பல வருட ஸ்டீராய்டு கென்னடியின் முதுகெலும்பை மெலிய வைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எல்லா மருத்துவர்களும் இதை ஏற்கவில்லை. ஸ்டீராய்டுக்கு முன்பே அவருக்கு முதுகுவலி இருந்ததே! ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

அவர் விஷயத்தில் சந்தேகம் இருக்கலாம். பொதுவாக ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அதுவும் மாத்திரை ஆரம்பித்த முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் வேகம் அதிகம். 2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம ஏரல் பாலத்தைப் பாத்தீங்கள்ல? பாலம் நிக்கு, அதுக்கு ஏறுற ரோடு அரிச்சுப் போயிட்டு. முதுகெலும்பும் வெளியே நிமிர்ந்துதான் தெரியும். உள்ளே மெலிஞ்சிருந்தா, ஒரு குடம் தண்ணியைத் தூக்கும்போது, சில நேரம் சும்மா இருமும்போதே நசுங்கிடும். கீழே விழணும்னுகூட அவசியம் இல்லை.

குறைக்கும்போது என்ன நடக்குது?

தசை அழற்சிக்கு ஆரம்ப டோஸ், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை போகும். 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன்னு வெச்சுக்குவோம். நம்ம உடம்பு தினமும் தானா சுரக்கிறது ஏறக்குறைய 5 மில்லிகிராமுக்குத்தான் சமம். வெளியிலிருந்து இவ்வளவு வருதேன்னு அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிடும். அதனாலதான் மாதக்கணக்கில் படிப்படியா குறைக்கிறாங்க. குறைக்கிற வேகம் கூடினா அசதி, தலைசுத்தல், தசை வலி, மூட்டு வலி வரும். பட்டுனு நிறுத்தினா, கென்னடி லண்டனில் விழுந்த மாதிரி விழவேண்டியதுதான். அவருக்குச் சுரப்பியே கெட்டுப்போச்சு, நமக்குத் தூங்குது. விளைவு ஒண்ணுதான்.

ஆக, இந்த நேரத்துல வர்ற முதுகுவலிக்குப் பல காரணம் இருக்கலாம். டோஸ் குறைந்ததால் வரும் வலி, பழைய தசை நோய் திரும்புறது, எலும்பு நசுங்கினது, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதால முதுகெலும்பில் காசநோய் மாதிரித் தொற்று. எதுன்னு தொட்டுப் பாத்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. பாத்துத்தான் சொல்லணும்.

அதுக்கு முன்னாடி சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போய் முதுகை மிதிக்கவோ நீவவோ கொடுத்துராதீங்க. மெலிஞ்ச எலும்பு தாங்காது. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுறதும் வேண்டாம். ஸ்டீராய்டோட சேர்ந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியலாம். காய்ச்சல், திடீர்னு குத்தின வலி, ராத்திரி தூங்க விடாத வலி இருந்தா அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைச்சாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி. தொடர்ந்து வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னாலும் அப்படித்தான்.

ஊசியிலிருந்து உடற்பயிற்சிக்கு

ஜனாதிபதி ஆன பிறகும் கென்னடியின் முதுகு அடங்கவில்லை. 1961 மே மாதம் கனடாவில் மரம் நட மண்வெட்டி பிடித்தபோது மறுபடி பிடித்துக்கொண்டது. ஜேனட் ட்ராவெல் என்ற மருத்துவர் மரத்துப்போகும் ஊசிகள் போட்டார். அவர் பழக்கிய ஆடும் நாற்காலி உலகப் புகழ் பெற்றது. இன்னொரு பக்கம், மாக்ஸ் ஜேக்கப்சன் என்பவர் போதை மருந்து கலந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற மருத்துவர்கள் எச்சரித்தும் கென்னடி கேட்கவில்லை. பல டாக்டர்கள், பல ஊசிகள்; மொத்தத்தையும் ஒருவர் கையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

அந்த அக்டோபரில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் வந்தார். முதுகுத் தசைகள் இறுகி, பலம் இழந்து கிடப்பதைக் கண்டார். ஊசி இல்லை, கத்தி இல்லை. வெள்ளை மாளிகையிலேயே வாரத்துக்கு மூன்று முறை எளிய உடற்பயிற்சி. சலிப்பான வேலைதான். ஆனால், பல வருடங்களுக்குப் பிறகு கென்னடி ஓரளவு நிம்மதியாக நடந்தார். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கடைசி வரை நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது.

கச்சையையும் அவர் முழுசாக விடவில்லை. 1963 நவம்பர் 22, டல்லாஸில் முதல் குண்டு பாய்ந்தபோதும் அதைக் கட்டியிருந்தார். அந்தக் கச்சை அவரைச் சரியவிடாமல் நிமிர்த்திப் பிடித்ததால்தான் அடுத்த குண்டு தலையில் பட்டது என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 46.

உலகத்தின் எந்த மருத்துவரையும் கூப்பிடக்கூடிய ஒருவருக்கே, முதுகுவலிக்குச் சரியான ஆள் கிடைக்க இத்தனை வருடம் ஆனது. வலியை ஊருக்கு மறைத்தது அவருடைய அரசியல். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்க வீட்ல யாராவது ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கிட்டு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போங்க. அவர் சொல்ற வரைக்கும் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.