வேதாரண்ய வழியில் மூதறிஞர்

மூதறிஞர் இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராகத் திகழ்ந்தார். அந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றினார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்து சிறை புகுந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் நிறுவி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றையே வாழ்வாக்கிக் கொண்டார். பின்னாளில் அவர் வகித்த பதவிகள் பல. ஆயினும் அவரைக் காவிரி நாட்டோடு முதன்முதலில் பிணைத்தது பதவியன்று, ஒரு நடைப்பயணம்.

காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த ஒரு வாரத்தில், 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். இராஜன் இல்லத்திலிருந்து இராஜாஜி புறப்பட்டார். உடன் சென்ற தொண்டர் ஏறத்தாழ நூற்றுவர். செல்ல வேண்டிய தொலைவு சுமார் 150 மைல், சேருமிடம் வேதாரண்யம். அப்போது அவருக்கு அகவை 51, மெலிந்த உடல், ஆஸ்துமாவின் தொல்லையும் இருந்தது. நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை அப்பயணத்திற்கென்றே இயற்றியளித்த பாடல், ஆயுதம் ஏந்தாப் போருக்கு மக்களை அழைத்தவாறு அணிக்கு முன்னே சென்றது.

தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன் வாளாவிருக்கவில்லை. தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று மாவட்டமெங்கும் எச்சரிக்கை விடுத்தார். ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் பெயருடைய அவர், பாதையெங்கும் முள் பரப்பியதாகவே மக்கள் கருதினர். ஏதிலார்க்கும் இலை போடும் சோழவளநாட்டில், ஒரு பிடி சோற்றுக்கு ஆறு மாதச் சிறை என்பது விலையாயிற்று. தொண்டர்கள் சிறைக்கு அஞ்சாதவர்கள், அதற்கென்றே வந்தவர்கள். குடும்பத்தோடு குடியிருக்கும் உழவனுக்கோ அவ்வச்சம் மெய்யானது. ஆட்சியர் நம்பியது அந்த அச்சத்தையே.

அப்பயணத்தின் ஒரு நாள் ஏறக்குறைய இவ்வாறு கழிந்தது. விடியுமுன் எழுந்து வழிபாடு முடித்து, வெயில் ஏறுமுன் ஐந்து மைல் நடப்பர். சித்திரைக் கோடையில் சம்பா அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. காவிரியில் புதுப்புனல் வரும் காலமும் அன்று. நண்பகலில் தோப்பு நிழலிலோ ஆற்றங்கரையிலோ தங்குவர். ஊர்த் தெருக்களைப் பெருக்குவதும், நூல் நூற்பதும், தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதிகளுக்குச் செல்வதும் அன்றாடக் கடமைகள். மாலையில் மீண்டும் ஐந்து மைல், இரவில் பொதுக்கூட்டம்.

உணவு வந்த வகைதான் வியப்புக்குரியது. வாசற்கதவு திறக்கவில்லை, ஆனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் உணவுப் பாத்திரங்களைப் புதைத்து வைத்து, இடத்தை மட்டும் குறிப்பால் உணர்த்திச் சென்றனர். கட்டியவர் எவர், சமைத்த அடுப்பு எது என்று காவலர்க்குத் தெரியவில்லை. கொடுத்தவர் பெயர் வெளிப்படாமையே அவ்விருந்தோம்பலின் முறையாயிற்று. வெளிப்படையாகவே இடமளித்தோரும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்து உணவளித்தார். அதற்காகச் சிறையும் ஏற்றார்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28-இல் அணி வேதாரண்யம் அடைந்தது. அங்கே சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்று ஆவன செய்தார். 30-ஆம் நாள் இராஜாஜி உப்பள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறை விதிக்கப்பெற்றார். அறிவின் கூர்மையால் தலைவராய் உயர்ந்த அவர், பதினைந்து நாள் முகமறியாதார் இட்ட சோற்றால் நடந்தார் என்பது எண்ணத்தக்கது.

அதன்பின் சென்னை மாகாணப் பிரதமர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், சென்னை மாநில முதலமைச்சர் என அவர் உயர்ந்தார். 1938-இல் இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியதும், 1953-இல் கொணர்ந்த கல்வித் திட்டமும் கடும் எதிர்ப்பைத் தேடித் தந்தன. அவற்றை மறைத்து அவர் வாழ்வைக் கூறல் நேர்மையாகாது. அதே ஆட்சிக் காலத்தில், 1952-இல், தஞ்சைப் பண்ணையாட்களையும் குத்தகை உழவர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றாமல் காக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. உழவர் இயக்கங்களின் நெடும்போராட்டம் அதற்குப் பின்னே நின்றது. எனினும் அதைப் பிறப்பித்த அரசின் தலைவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வயல்களினூடே கால்நடையாய்ச் சென்றவர்.

எழுத்தாளராகவும் அவர் நிலைபெற்றார். இராமகாதையை எளிய உரைநடையில் தந்த சக்கரவர்த்தித் திருமகன் 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

பாட்டுக் கொடுத்த நாமக்கல் கவிஞர் 1972 ஆகஸ்டு 24-இல் மறைந்தார். அப்பாட்டின் பின்னே நடந்தவர் நான்கு திங்கள் கழித்து, டிசம்பர் 25-இல் மறைந்தார். சோறு கட்டிய கைகளுக்கு நினைவுநாள் இல்லை. இராஜாஜியை நினைக்கும் நாளிலேனும் அக்கைகளையும் நினைத்தல் கடன்.