சி. எஸ். ஜெயராமன்

சி. எஸ். ஜெயராமன் (ஜனவரி 6, 1917 - ஜனவரி 29, 1995) தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகரும் இசையமைப்பாளரும் நடிகரும் ஆவார். சிதம்பரம் ஜெயராமன் என்றும் இசைச்சித்தர் என்றும் அழைக்கப்படுகிறார். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இவர் பாடிய திரைப்பாடல்கள் பெரும்புகழ் பெற்றன. மூக்கொலி கலந்த கனத்த குரலும் கருநாடக இசைப் பயிற்சியும் இவரது தனி அடையாளங்கள். இவரது புகழ்பெற்ற பாடல்கள் அனைத்தும் மோனோ எனப்படும் ஒற்றைத்தட ஒலிப்பதிவிலேயே பதியப்பட்டவை. இவற்றிற் சில பிற்காலத்தில் செயற்கையாக ஸ்டீரியோவாக மாற்றப்பட்டும் வெளிவந்துள்ளன. ஆதலால் இவரது குரலை மதிப்பிட விரும்புவோர், தாம் கேட்பது எந்த வடிவம் என்பதை அறிந்திருத்தல் தேவையாகிறது.

பிறப்பும் சூழலும்

ஜெயராமன் சிதம்பரத்தில் பிறந்தார். அப்போது சிதம்பரம், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993ஆம் ஆண்டு அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின் கடலூர் மாவட்டத்தில் உள்ளது.

இவரது இளமைக்காலத்தில் சிதம்பரம் இசைக்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தது. நடராசர் கோயிலின் தேவார மரபும் நாதசுவர மரபும் ஒருபுறம் இருக்க, அண்ணாமலைச் செட்டியார் 1929இல் அங்கு இசைக்கல்லூரி ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உருவானது. 1941இல் அப்பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தமிழிசை மாநாடு, தமிழிசை இயக்கத்தின் முக்கிய நிகழ்வாகக் கருதப்படுகிறது. தமிழ்ச் சொற்களைத் தெளிவாக ஒலித்துப் பாடவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்ற காலம் அது. ஜெயராமனின் திரைப்பாடல்களிலும் சொற்தெளிவே முன்நிற்பதைக் காணலாம்.

இவரது சகோதரி பத்மாவதி, பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான மு. கருணாநிதியின் முதல் மனைவி ஆவார். நடிகரும் பாடகருமான மு. க. முத்து (1948 - 2025) பத்மாவதியின் மகன். எனவே ஜெயராமன் அவருக்குத் தாய்மாமன்.

திரைப்படத்துறையில்

பின்னணிப் பாடும் முறை நிலைபெறுவதற்கு முன், பாடத் தெரிந்தவர்களே தமிழ்ப்படங்களில் நடித்துவந்தனர். ஜெயராமனும் 1930களில் நடிகராகவே திரையுலகில் நுழைந்தார். 1940களில் இசையமைப்பிலும் ஈடுபட்டார். ஆயினும் பின்னணிப் பாடகர் என்ற நிலையிலேயே இவர் பரவலாக அறியப்பட்டார்.

1952ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளியான *பராசக்தி* இவருக்குப் பெரும் திருப்பமாக அமைந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி உரையாடல் எழுதி, ஆர். சுதர்சனம் இசையமைத்த இப்படமே சிவாஜி கணேசனின் முதற்படம். சிவாஜிக்காகப் பாடியவர் ஜெயராமன். காகங்களின் ஒற்றுமையைச் சொல்லி மனிதனின் தன்னலத்தைச் சாடும் உடுமலை நாராயணகவியின் பாடலும், பாரதியாரின் பாடல் ஒன்றும் இவர் குரலில் ஒலித்தன. சிவாஜியின் பேச்சுக் குரலுக்கும் ஜெயராமனின் பாட்டுக் குரலுக்கும் இடையே இருந்த பொருத்தம் பாராட்டப்பட்டது.

1954இல் வெளியான *ரத்தக்கண்ணீர்* படத்தின் பாடல்களுக்கு ஜெயராமனே இசையமைத்தார். எம். ஆர். ராதா ஏற்ற மோகனசுந்தரம் என்ற பாத்திரம், தொழுநோயுற்று எல்லாவற்றையும் இழந்த நிலையில் இடம்பெறும் பாடலை இவர் பாடியுள்ளார். பாடல் வரிகளுக்கு இடையே எம். ஆர். ராதாவின் பேச்சு குறுக்கிட்டுக் கொண்டே செல்லும். பாடகரின் குரல் ஒருவருடையதும் பேசும் குரல் மற்றொருவருடையதுமாக இருந்தபோதிலும், இரண்டும் ஒரே மனிதனின் உள்ளும் புறமும் போலத் தோன்றுவது இப்பாடலின் சிறப்பு.

டி. எம். சௌந்தரராஜனின் வருகை

1954ஆம் ஆண்டிலேயே வெளியான *தூக்கு தூக்கி* படத்தில், ஜி. இராமநாதனின் இசையில், சிவாஜிக்கு டி. எம். சௌந்தரராஜன் பாடினார். தமக்கு ஜெயராமனே பாடவேண்டும் என்று சிவாஜி முதலில் விரும்பினார் என்றும், சௌந்தரராஜன் பாடிக்காட்டிய பின் அவரை ஏற்றுக்கொண்டார் என்றும் கூறப்படுகிறது. சிவாஜியின் பேசும் குரலை ஒட்டித் தம் குரலை மாற்றிப் பாடும் ஆற்றல் சௌந்தரராஜனிடம் இருந்தது. ஜெயராமனோ எவருக்குப் பாடினாலும் தம் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. நாளடைவில் சௌந்தரராஜனே சிவாஜியின் பாட்டுக் குரலாக நிலைபெற்றார்.

இதன்பின் ஜெயராமனின் வாய்ப்புகள் உடனே நின்றுவிடவில்லை. இவரது புகழ்பெற்ற பாடல்கள் பலவும் 1957க்கும் 1960க்கும் இடையிலேயே வெளிவந்தன. அவற்றுள் சில வருமாறு:

* *புதையல்* (1957) - இசை: விசுவநாதன்-ராமமூர்த்தி. பி. சுசீலாவுடன் பாடிய இணைப்பாடல்.
* *புதுமைப்பித்தன்* (1957) - இசை: ஜி. இராமநாதன். எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த இப்படத்தில் ஜிக்கியுடன் பாடிய இணைப்பாடல்.
* *சம்பூர்ண இராமாயணம்* (1958) - இசை: கே. வி. மகாதேவன். டி. கே. பகவதி ஏற்ற இராவணன் பாத்திரத்துக்குப் பாடியவை.
* *தெய்வப்பிறவி* (1960) - இசை: ஆர். சுதர்சனம்.
* *பாவை விளக்கு* (1960) - இசை: கே. வி. மகாதேவன். அகிலனின் புதினத்தைத் தழுவிய இப்படத்தில் பி. சுசீலாவுடன் பாடிய இணைப்பாடல் தாஜ்மகாலில் படமாக்கப்பட்டது.

இவற்றுள் *சம்பூர்ண இராமாயணம்* தனித்துக் குறிப்பிடத்தக்கது. இராவணனை வீணை வல்லவனாகக் காட்டும் காட்சியில், எந்நேரத்துக்கு எந்த இராகம், எந்த உணர்வுக்கு எந்த இராகம் என்ற வினாக்களுக்கு அவன் ஒவ்வொன்றாகப் பாடியே விடை கூறுகிறான். இராகத்தின் பெயரைச் சொல்லும் சிறிய இடத்திற்குள்ளேயே அவ்விராகத்தின் உருவத்தையும் காட்டியாக வேண்டும். முதல் நாள் போரில் படைக்கருவிகளை இழந்து, இராமனால் உயிருடன் அனுப்பப்பட்ட இராவணன் நாணி வருந்திப் பாடும் பாடலும் இப்படத்திலேயே உள்ளது. கம்பீரமும் தோல்வியும் ஒரே குரலில் அமைந்த பாடல் அது.

இசைத்தட்டுகளும் ஒலிப்பதிவும்

அக்காலத்தில் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குல அரக்கு இசைத்தட்டுகளில் வெளிவந்தன. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடங்களே பதியமுடியும். நீண்ட பாடல்கள் இரு பக்கங்களுக்குப் பிரிக்கப்பட்டன அல்லது சுருக்கப்பட்டன. திரையில் கேட்கும் பாடலும் இசைத்தட்டில் உள்ள பாடலும் நீளத்தில் வேறுபடுவதற்கு இது முதன்மையான காரணம். பின்னர் 45 சுற்று ஈ. பி. தட்டுகளும் 33⅓ சுற்று எல். பி. தட்டுகளும் வழக்கத்துக்கு வந்தன.

இப்பதிவுகள் யாவும் மோனோ முறையைச் சார்ந்தவை. பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் இசைக்க, ஒன்றோ சிலவோ ஆன ஒலிவாங்கிகள் அதனை ஒரே தடத்தில் பதிவு செய்யும். எந்த வாத்தியம் எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்பது, பெரும்பாலும் அது ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஆகவே மோனோவில் வலம் இடம் இல்லாவிடினும் முன் பின் உண்டு. ஜெயராமனின் குரல் அருகிலும் வயலின்கள் அதன் பின்னும் ஒலிப்பதை நல்ல மோனோத் தட்டில் தெளிவாக உணரலாம்.

ஸ்டீரியோ ஒலிப்பதிவு முறைக்கான காப்புரிமையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் (1903 - 1942) 1931ஆம் ஆண்டே விண்ணப்பித்துவிட்டார். இவர் பணியாற்றியது ஈ. எம். ஐ. நிறுவனத்தில். தமிழ்த் திரைப்பாடல்களைப் பெருமளவில் வெளியிட்ட எச். எம். வி., கொலம்பியா ஆகிய வணிகப்பெயர்களும் அதே நிறுவனத்தைச் சார்ந்தவையே. எனினும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் உலகச் சந்தைக்கு வந்தது 1958ஆம் ஆண்டளவில்தான். தமிழில் இளையராஜா இசையமைத்த *பிரியா* (1978) படத்தின் பாடல்களே முதன்முதலில் ஸ்டீரியோவில் பதியப்பட்டவை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அதற்குள் ஜெயராமனின் திரைப்பாடல் காலம் முடிந்துவிட்டது.

செயற்கை ஸ்டீரியோ

ஸ்டீரியோக் கருவிகள் வீடுகளுக்கு வந்தபின், உலகெங்கும் பழைய மோனோப் பதிவுகளை ஸ்டீரியோ போல் ஒலிக்கச் செய்யும் முயற்சிகள் நடைபெற்றன. தமிழ்ப் பழம்பாடல்களும் இதற்கு விலக்கல்ல. இதற்கெனப் பின்பற்றப்பட்ட முறைகள் முக்கியமாக இரண்டு:

1. அதிர்வெண் பிரிப்பு: தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கத்துக்கும் உயர்ந்த ஒலிகளை மறுபக்கத்துக்கும் மிகுதியாக அனுப்புதல்.
2. காலத்தாழ்த்தம்: ஒரு பக்கத்து ஒலியை மற்றதைவிடச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்து ஒலிக்கச் செய்தல். இதனுடன் எதிரொலியும் சேர்க்கப்படுவதுண்டு.

இரண்டு முறைகளிலும் புதிய செய்தி எதுவும் பதிவில் சேர்வதில்லை, உள்ளதே பங்கிடப்படுகிறது. வாத்தியங்களைப் பொறுத்தவரை இது விரிவான உணர்வைத் தரக்கூடும். குரலைப் பொறுத்தவரை நிலை வேறு. ஒரு மனிதக் குரலில் அடிப்படைச் சுரமும் அதன் மடங்குகளான மேற்சுரங்களும் ஒன்றாகக் கலந்துள்ளன. ஜெயராமனின் குரலில் அடிப்பகுதி கனமானது. மூக்கொலி மேற்சுரங்களில் உள்ளது. அதிர்வெண்ணால் பிரிக்கும்போது கனம் ஒரு பக்கமும் மூக்கொலி மறுபக்கமும் ஒதுங்கிவிடுகின்றன. இரண்டும் சேர்ந்திருக்கும்போது செறிவாகத் தோன்றும் குரல், பிரிந்தபின் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் கீச்சென்றும் ஒலிக்கும். இவர் மூக்கால் மட்டும் பாடியவர் என்ற எண்ணம் இத்தகைய பதிப்புகளைக் கேட்பவருக்கு எளிதில் ஏற்படலாம். மேலும், காலத்தாழ்த்தம் செய்த பதிவை ஒற்றை ஒலிபெருக்கியிற் கேட்டால், இரு பக்கத்து ஒலிகளும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றும்.

பதிப்புகளை இனங்காணல்

எச். எம். வி. இந்தியாவின் எல். பி. தட்டுகள் பலவற்றில் ஈசிஎல்பி என்று தொடங்கும் எண் மோனோவையும், ஈசிஎஸ்டி என்று தொடங்கும் எண் ஸ்டீரியோவையும் குறித்தது. 1978க்கு முந்தைய தமிழ்ப்பாடல் ஒன்று ஸ்டீரியோ எனக் குறிக்கப்பட்டிருந்தால், அது செயற்கை ஸ்டீரியோவாகவோ புதிதாகப் பாடிப் பதிந்ததாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி.

கணினியில் சோதிப்பதும் எளிது. ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு பக்கத்து ஒலியலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்துடன் கூட்டவேண்டும். உண்மையான மோனோவாயின் பாடல் ஏறத்தாழ முழுதும் மறைந்து, தட்டின் இரைச்சல் மட்டும் எஞ்சும். செயற்கை ஸ்டீரியோவாயின் பாடலின் சிதைந்த எச்சம் கேட்கும்.

மோனோத் தட்டில் இசை, வரிப்பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளது. ஸ்டீரியோ முள்ளானது மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசியும் கீறலும் கூடுதலாகக் கேட்கும். இரு பக்கங்களையும் கூட்டி மோனோவாக்கினால் மேல்கீழ் அசைவின் இரைச்சல் நீங்கும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள முள் தேவை. எல். பி. தட்டுக்கான முள்ளின் ஆரம் 18 முதல் 25 மைக்ரோமீட்டர்; அதை 78 சுற்றுத் தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலையே எழுப்பும். சுழற்சி வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும். குரலின் தன்மையும் மாறும்.

பிற்காலமும் மறைவும்

1960களின் நடுப்பகுதிக்குப் பின் ஜெயராமனுக்குத் திரைப்பட வாய்ப்புகள் குறைந்தன. 1995ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் தமது 78ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

டி. எம். சௌந்தரராஜனோடும் சீர்காழி கோவிந்தராஜனோடும் ஒப்பிட, ஜெயராமன் பாடிய பாடல்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆயினும் அவற்றுள் பல அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கேட்கப்படுகின்றன. இவர் பாடிய ஒவ்வொரு பாடலும் ஒரே தடத்தில், ஒரே மூச்சில் பதியப்பட்ட முழுமையான நிகழ்வு. இடையில் பிழை நேர்ந்தால் பாடகரும் குழுவினர் அனைவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அத்தகைய கட்டுப்பாட்டுக்குள் நின்றே இராவணனின் வீணையையும் மோகனசுந்தரத்தின் வீழ்ச்சியையும் இவர் குரலாக்கினார். பழைய மோனோத் தட்டுகளையும் அவற்றிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்பட்ட எண்ணிமப் படிகளையும் பாதுகாப்பது, இக்குரலை உள்ளவாறே அடுத்த தலைமுறைக்கு அளிப்பதற்கு வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பராசக்தி (திரைப்படம்)
* ரத்தக்கண்ணீர்
* டி. எம். சௌந்தரராஜன்
* தமிழிசை இயக்கம்
* இசைத்தட்டு