பள்ளி உலையில் எரிந்த நாவல்... கர்ட் வானகட் கதை தெரியுமா?

1973 நவம்பர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் டிரேக் என்கிற குட்டி ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியர் பாடமாகக் கொடுத்த ஒரு நாவலின் 32 பிரதிகளைப் பள்ளி உலையிலேயே போட்டு எரித்தார்கள். கெட்ட வார்த்தைகள் இருக்காம்! அந்த நாவல் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்'. எழுதியவர் கர்ட் வானகட்.

வேடிக்கை என்னன்னா, அவரை எழுத வைத்ததே ஓர் உயர்நிலைப் பள்ளிதான்.

1922-ல் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தவர் வானகட். அவர் படித்த ஷார்ட்ரிட்ஜ் பள்ளியில் மாணவர்களே தினமும் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கூடப் படிக்கிற பசங்களுக்குப் புரியுற மாதிரி எழுத அங்கேதான் பழகினார். அந்த எளிமை கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் கல்லூரி, ராணுவம். 1944 டிசம்பரில் ஜெர்மனி படையிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். டிரெஸ்டன் நகரில் ஓர் இறைச்சிக்கூடத்தில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு, அவருடைய சொந்த அணியான நேச நாடுகளின் விமானங்களே அந்த நகரத்தில் குண்டு மழை பொழிந்தன. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். தரைக்கு அடியில் இருந்த இறைச்சிக் கிடங்கில் ஒதுங்கியதால் வானகட் பிழைத்தார். அதன் பிறகு, இடிபாடுகளில் இருந்து பிணங்களை எடுக்கும் வேலை. அப்போ அவருக்கு வயசு 22.

இதை நாவலாக்க 20 வருஷத்துக்கு மேல் ஆனது. வரிசையாகச் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் ஹீரோ பில்லியைக் காலத்தில் தாவ விட்டார். இப்போ கல்யாண வாழ்க்கை, அடுத்த நொடி போர்க்களம், அப்புறம் வேற்றுக்கிரகம்! இப்படிக் கலைத்துப்போட்டுச் சொல்வது பின்நவீனத்துவ எழுத்தின் ஓர் அடையாளம். இன்னிக்கு நாம நான்-லீனியர் படம் பார்க்கிறோமே, அதுக்குப் பக்கத்து வீடு. ஆனால், வானகட்டுக்கு அது ஸ்டைல் மட்டும் இல்லை. மறக்க முடியாத நினைவு அப்படித்தான் வரும், திடீர் திடீர்னு.

1969-ல் வெளியான நாவல் செம ஹிட். நான்கே வருஷத்தில் டிரேக் பள்ளி உலை. பள்ளிக் குழுத் தலைவருக்கு வானகட்டே கடிதம் எழுதினார். ராணுவ வீரர்கள் நிஜத்திலும் அப்படித்தான் பேசுவார்கள், பிள்ளைகளைக் காயப்படுத்துவது வார்த்தைகள் அல்ல, பெரியவர்களின் கொடுமைகளும் பொய்களும்தான் என்று புரியவைக்கப் பார்த்தார்.

நியூயார்க் மாநிலத்தில் ஐலேண்ட் ட்ரீஸ் பள்ளி நிர்வாகமும் இந்த நாவலை நூலகத்திலிருந்து தூக்கியது. மாணவர்கள் சும்மா இருக்கலை, கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது.

1986-ல் 'பேக் டு ஸ்கூல்' காமெடிப் படத்தில் வானகட் வானகட்டாகவே தலைகாட்டினார். ஒரு பணக்கார மாணவர், வானகட் பற்றிய கட்டுரையை எழுத வானகட்டையே பிடிக்கிறார். பேராசிரியரோ, எழுதியவருக்கு வானகட் பற்றி ஒண்ணுமே தெரியலைன்னு ஃபெயில் போட்டுவிடுகிறார்!

2007-ல், 84 வயதில் வானகட் இறந்தார். 2011-ல் மிசௌரி மாநிலப் பள்ளி ஒன்று மறுபடியும் அந்த நாவலைத் தூக்கியது. உடனே இண்டியானாபொலிஸில் அவர் பெயரில் இயங்கும் நூலகம், அந்தப் பள்ளி மாணவர்கள் 150 பேருக்கு நாவலை இலவசமாகத் தருவதாக அறிவித்தது.

எரிந்தது 32. கை நீட்டியவர்களுக்குக் காத்திருந்தது 150!