சாலையோரம் தேடி வந்த டாக்டரம்மா

நம் குடியிருப்பில் யாருக்காவது முடியாமல் போனால், கடையத்திலிருந்து தென்காசிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ ஓடுகிறோம். கூட வர ஆளில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய இளவயதில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பினார். 1902-ல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை திறந்தது. அங்கே வர முடியாதவர்களைத் தேடி குடியாத்தம் சாலையில் வண்டியில் போனார். மரத்தடிகளில் காத்திருந்தவர்களுக்கு அங்கேயே வைத்தியம் பார்த்தார். 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

நாம் டாக்டராக வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், அடுத்த செக்கப் என்றைக்கு என்று இன்றே கேளுங்கள். அன்று கூடப் போய் ஓ.பி. சீட்டு எடுத்துக் கொடுங்கள், போதும்.