புழுதியில் பிறந்த குரல்: வூடி கத்ரியின் முதல் இசைத்தட்டுகள்

அமெரிக்க நாட்டார் பாடகரும் பாடலாசிரியருமான வூடி கத்ரி மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் 1940 ஆம் ஆண்டு பதிவு செய்த முதலாவது இசைத்தொகுப்பு 'டஸ்ட் போல் பாலட்ஸ்' என்பதாகும். புழுதி நிலத்துக் கதைப்பாடல்கள் என அதனைத் தமிழில் கூறலாம். அரக்கு இசைத்தட்டுகளாக வெளிவந்து, பின்னர் நெடுந்தட்டுகளாகி, 2000 ஆம் ஆண்டில் ஒலி செப்பனிடப்பட்ட இறுவட்டாகவும் வந்த அத்தொகுப்பு, சொந்த ஊரை இழந்த மக்களின் கதையை அம்மக்களில் ஒருவரே பாடிய அரிய பதிவுகளுள் ஒன்றாகும். வடபுலத்துத் தமிழரும் முஸ்லிம்களும் அதனை வேற்று நாட்டுச் சங்கதியாகக் கருதிக் கடந்து செல்ல முடியாது. அந்த மனிதரின் வாழ்வை அறிந்தால் இதற்கான காரணம் விளங்கும்.

வூடி கத்ரி 1912 ஜூலை 14 ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் ஒகீமா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சார்லி காணி விற்பனையிலும் உள்ளூர் அரசியலிலும் ஈடுபட்டிருந்தவர். தாயார் நோரா பழைய கதைப்பாடல்களைப் பாடிக் காட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். வசதியாகத் தொடங்கிய அக்குடும்பத்தைத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 1919 இல் மூத்த சகோதரி கிளாரா தீக்காயங்களுக்கு உள்ளாகி மரணமானார். 1927 இல் தந்தையாரும் தீயில் சிக்கிப் படுகாயமடைந்தார். தாயாரின் நடத்தையில் ஏற்பட்டுவந்த மாற்றங்களை ஊரார் பைத்தியம் என்றனர். ஹன்டிங்டன் நோய் என்னும் பரம்பரை நரம்பு நோயே அதற்குக் காரணமாக இருந்தது. அவர் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு அங்கேயே காலமானார். பதினைந்து வயதிலேயே கத்ரி ஏறத்தாழ ஆதரவற்றவரானார்.

அவர் பிறந்த ஊருக்கு இன்னொரு முகமும் இருந்தது. அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1911 இல், ஒகீமாவுக்கு அருகிலுள்ள பாலமொன்றில் கறுப்பினத் தாயொருவரும் அவரது பதின்ம வயது மகனும் வெள்ளையர் கும்பலொன்றினால் தூக்கிலிடப்பட்டனர். அக்கொலையில் கத்ரியின் தந்தைக்கும் பங்கிருந்ததாகப் பின்னாளில் கூறப்பட்டது. அத்தகைய சூழலில் வளர்ந்த சிறுவன் பிற இனத்தவர் மீதான ஏளனத்தையும் தன்னோடு சேர்த்தே வளர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

தந்தையைத் தொடர்ந்து டெக்சாஸ் மாநிலத்தின் பம்பா நகருக்குச் சென்ற கத்ரி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், நடன நிகழ்ச்சிகளில் கிற்றார் வாசித்தும் பிழைத்தார். 1933 இல் மேரி ஜென்னிங்ஸ் என்பவரை மணந்தார். அக்காலத்தில்தான் அப்பெருநிலத்தைப் புழுதி மூடியது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்ததால், வேர்களால் மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகள் பெருமளவில் உழப்பட்டிருந்தன. முப்பதுகளில் மழை பொய்த்தபோது பயிர் கருகியது. பிடிமானமற்ற மேல்மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. 1935 ஏப்ரல் 14 ஆம் திகதி பம்பாவைத் தாக்கிய புழுதிப் புயல் பட்டப்பகலை நள்ளிரவாக்கியது. அந்த நாளை அமெரிக்க வரலாறு கறுப்பு ஞாயிறு எனக் குறித்து வைத்திருக்கிறது. உலகம் முடியப்போகின்றது எனக் கருதி மக்கள் ஒருவருக்கொருவர் விடைகூறிக்கொண்டதைக் கண்ட கத்ரி, அதனையே பாடலாக்கினார்.

நிலத்தை இழந்தவர்களும் வங்கிக் கடனில் வீட்டை இழந்தவர்களும் பழைய மோட்டார் வண்டிகளில் பாயையும் பானையையும் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டனர். அங்கு அவர்களை வரவேற்க எவரும் இருக்கவில்லை. 1936 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸார் மாநில எல்லை வரை சென்று சோதனைச் சாவடிகளை அமைத்துக் கையில் பணமில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினர். தமது சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியில்லை. முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதிகளோடு வரிசையில் காத்து நின்ற தலைமுறைக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. எல்லையைக் கடந்தவர்களும் 'ஓக்கி' என்ற இழிசொல்லால் அழைக்கப்பட்டுத் தோட்டங்களில் அரைவயிற்றுக் கூலிக்குப் பழம் பறித்தனர்.

கத்ரியும் அவ்வழியே சென்றவர்தான். 1937 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையமொன்றில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. முகாம்களில் வாழ்ந்த ஊரவர்கள் அவரது குரலில் தமது வீட்டைக் கேட்டனர். கடிதங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று அவரது வாழ்வைத் திருப்பியது. நிகழ்ச்சியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லொன்றை அவர் பயன்படுத்தியதைக் கேட்ட கறுப்பின நேயர் ஒருவர், அச்சொல் தம்மை எவ்வளவு காயப்படுத்தியது என எழுதியிருந்தார். கத்ரி அக்கடிதத்தை வானொலியிலேயே வாசித்து மன்னிப்புக் கோரினார். அதன்பின் அச்சொல்லைக் கைவிட்டார். விரட்டப்பட்ட ஒருவன் தானும் இன்னொருவரை இழிவுபடுத்திக்கொண்டிருக்கலாம் என்ற உண்மையை அவர் அன்று உணர்ந்தார். தாம் பிறந்த ஊருக்கருகில் நடந்த அந்தத் தூக்கிலிடல் பற்றியும் பிற்காலத்தில் அவர் பாடல்கள் எழுதினார்.

1940 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கத்ரி நியூயோர்க் நகரை அடைந்தார். அவரது புகழ்பெற்ற 'இந்த மண் உன் மண்' என்ற பாடல் அந்த பெப்ரவரி மாதத்தில் மலிவான விடுதி அறையொன்றில் எழுதப்பட்டது. நாட்டார் பாடல் சேகரிப்பாளரான அலன் லொமாக்ஸ் அவரைக் கண்டறிந்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரது பாடல்களையும் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார். ஜோன் ஸ்டீன்பெக்கின் நாவலும் அதனைத் தழுவிய திரைப்படமும் புழுதி நிலத்து அகதிகளை அப்போது நாடறியச் செய்திருந்தன. அந்த அலையில் விக்டர் நிறுவனம் கத்ரியை ஒலிப்பதிவுக்கு அழைத்தது. நியூஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரிலிருந்த கலையகத்தில் பெரும்பாலான பாடல்கள் ஏப்ரல் 26 ஆம் திகதி பதிவாகின. ஒரு கிற்றார், ஒரு மவுத் ஓர்கன், ஒரு மனிதக் குரல் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அங்கு இருக்கவில்லை.

நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கே இடமிருந்தது. ஸ்டீன்பெக்கின் நாயகன் டொம் ஜோட் பற்றிய பாடல் நீண்டதாகையால் இரு பக்கங்களுக்குப் பிரிக்கப்பட்டது. மூன்று தட்டுகள் கொண்ட இரு தொகுதிகளாக, மொத்தம் ஆறு தட்டுகளில் பதினொரு பாடல்கள் அந்த ஜூலையில் வெளிவந்தன. பதிவு செய்யப்பட்டிருந்த இரண்டு பாடல்கள் விடுபட்டுப்போயின. அவற்றுள் ஒன்று, ஏழைகளுக்கு உதவியவனாக மக்கள் கொண்டாடிய வங்கிக் கொள்ளையன் ஒருவனைப் பற்றியது. நம் நாட்டில் 1864 இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியேலும் அவனது தோழன் மம்மலே மரிக்காரும் மக்கள் கதைகளில் பெற்றுள்ள இடத்தைப் போன்றதே அது.

இத்தொகுப்பைக் கேட்பவர்கள் முதலில் ஏமாற்றமடையக்கூடும். குரலில் இனிமை தேடுவோருக்கு இங்கு விருந்தில்லை. மூக்கால் ஒலிக்கும் தட்டையான குரல் அது. அழுகையில்லை, குமுறலில்லை. நுரையீரலைப் புழுதி தின்ற நோயாளியின் கதையும், எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தின் கதையும், கூலிப்படையினரால் அடிக்கப்பட்ட தொழிலாளியின் கதையும் ஒரே நிதானத்தில், இடையிடையே நகைச்சுவையுடன் சொல்லப்படுகின்றன. துயரத்தை அனுபவித்தவர் அதனை அலங்கரிப்பதில்லை. மெட்டுகளிற் பல பழைய நாட்டார் மெட்டுகள். தெரிந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றுவதால் கேட்டவர் மறுநாளே பாடிவிட முடிந்தது. நமது கூத்துக் கலைஞர்களும், றபான் தட்டிப் பாடும் பக்கீர்மாரும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறையும் இதுவேயாகும்.

எனினும் இத்தொகுப்பில் ஒரு வெற்றிடமும் உண்டு. புழுதி நிலத்து வெள்ளையர் பழம் பறித்த அதே தோட்டங்களில் அவர்களுக்கு முன்னரே மெக்சிக்கோ நாட்டவர் உழைத்தனர். முப்பதுகளில் அவர்களிற் பெருந்தொகையானோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். 1940 இல் கத்ரி பாடியது தம்மவரின் துயரத்தை மட்டுமே. அதில் தவறில்லை. தன் வீட்டுத் துயரத்தைப் பாடத் தெரியாதவன் அயல்வீட்டுத் துயரத்தைப் பாடிவிட முடியாது. ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதே முக்கியமானது.

1948 ஜனவரி 28 ஆம் திகதி கலிபோர்னியாவின் லொஸ் கட்டோஸ் பள்ளத்தாக்கில் விமானமொன்று வீழ்ந்து 32 பேர் பலியாகினர். அவர்களுள் 28 பேர் மெக்சிக்கோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்கள். செய்திகளில் விமானப் பணியாளர்களின் பெயர்கள் கூறப்பட்டன. ஏனையோர் நாடுகடத்தப்பட்டவர்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். பிரெஸ்னோ நகரின் மயானமொன்றில் அந்த 28 பேரும் பெயரற்ற ஒரே புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டனர். அப்பெயரின்மையைக் கேள்விக்குட்படுத்திக் கத்ரி எழுதிய பாட்டுக்குப் பின்னாளில் மார்ட்டின் ஹொப்மன் என்ற ஆசிரியர் மெட்டமைத்தார். பீட் சீகர் அதனைப் பரப்பினார். 2013 இல் அப்புதைகுழியின் மீது 28 பெயர்களும் பொறிக்கப்பட்ட நினைவுக்கல் நாட்டப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டுகளாக அப்பெயர்களுக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது, வேற்று மொழி பேசிய, வேற்று இனத்தவரான ஒருவரின் பாட்டே.

கத்ரியைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. மனைவி பிள்ளைகளை விட்டு அடிக்கடி ஊர் சுற்றச் சென்றவர். குடும்பத்தின் சுமையைப் பெண்களே தாங்கினர். இடதுசாரி ஈடுபாட்டினால் பல வாய்ப்புகளை இழந்தார். 1947 இல் நான்கு வயது மகள் கதி தீ விபத்தில் இறந்தபோது சகோதரியின் மரணம் மீண்டும் அவரது வீட்டுக்கு வந்தது. 1952 இல், தாயாரைக் கொண்டுசென்ற அதே ஹன்டிங்டன் நோய் அவருக்கும் இருப்பது கண்டறியப்பட்டது. கிற்றாரைப் பிடிக்க முடியாது கைகள் நடுங்கின. பின்னர் பேச்சும் நின்றது. பொப் டிலன் போன்ற இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தபோது அவர் நோயாளியாகவே இருந்தார். 1967 ஒக்டோபர் 3 ஆம் திகதி நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் 55 ஆவது வயதில் காலமானார்.

அவரது முதல் தொகுப்பும் ஏறத்தாழ மறைந்தே போயிருக்கும். நாற்பதுகளின் இறுதியில் அதனை மீள வெளியிடுவதில் உரிமையாளரான நிறுவனம் அக்கறை காட்டவில்லை. 1950 இல் போக்வேஸ் என்ற சிறு நிறுவனம் அப்பாடல்களை நெடுந்தட்டாக வெளியிட்டு உயிர் கொடுத்தது. நாட்டார் பாடல் மீண்டும் செல்வாக்குப் பெற்ற 1964 இல் உரிமை நிறுவனமே முன்வந்து, விடுபட்ட இரு பாடல்களையும் சேர்த்து வெளியிட்டது. 2000 ஆம் ஆண்டின் இறுவட்டில், ஒரு பாடலின் வேறொரு பதிவும் சேர்க்கப்பட்டது. ஒலியைச் செப்பனிடுதல் என்பது பாட்டை மாற்றுவதல்ல. பழைய தட்டின் கீறலையும் இரைச்சலையும் இயன்றவரை நீக்கிக் குரலை முன்னே கொண்டுவருவதாகும். ஆனால், செப்பனிடுவதற்கு முதலில் ஒரு பதிவு இருக்கவேண்டும்.

நமது கேள்வி இங்கேதான் எழுகின்றது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா முதலான வன்னிக் கிராமங்கள் உட்பட வடக்கின் முஸ்லிம்கள் 70,000 இற்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் ஊரிழந்தனர். ஐந்து ஆண்டுகளின் பின் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி இலட்சக்கணக்கான தமிழர் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தனர். அவர்களிற் பலர் பளையையும் கிளாலியையும் கடந்தே வன்னிக்குச் சென்றனர். பளை மக்களோ 2000 ஆம் ஆண்டுப் போரிலும் அதன் பின்னரும் தாமே அகதிகளாயினர். இன்று அங்கு காற்றாலைகள் சுழல்கின்றன. தென்னை மீண்டும் நடப்பட்டிருக்கிறது. ஆனால், புத்தளத்து முகாம்களில் முஸ்லிம் தாய்மார் பாடிய தாலாட்டுகளும், மரநிழல்களில் தமிழ்ப் பாட்டிகள் பாடிய ஒப்பாரிகளும் எத்தனை பதிவாகியுள்ளன? பாடியவர்களிற் பலர் முதுமையடைந்துவிட்டனர். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பு முயற்சிகள் இருக்கின்றன. கைத்தொலைபேசி இல்லாத வீடும் இன்று அரிது. பதிவதற்குக் கலையகம் தேவையில்லை. அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமையே தேவை.

அதற்கும் மேலான கடமையொன்று உண்டு. 1990 இன் துயரைப் பாடும் தமிழ்ப் பாட்டும், 1995 இன் துயரையும் 2009 இன் துயரையும் பாடும் முஸ்லிம் பாட்டும் நம்மிடையே இன்னும் அருந்தலாகவே உள்ளன. தன் மக்களின் புழுதியைப் பாடித் தொடங்கிய வூடி கத்ரி, எட்டு ஆண்டுகளில் அயலாரின் புதைகுழி வரை நடந்து சென்றார். ஒரே நெடுஞ்சாலையில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த இரு சமூகங்களுக்கு அந்தத் தூரம் அவ்வளவு பெரிதல்ல.